சிப்பிக்குத் தரை சிப்பிதான்

சிப்பி என்று தமிழில் சொன்னால் அடுத்த வார்த்தை முத்துதான். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் எஸ்ஸெக்ஸுக்குக் குடிவந்த புதிதில், மெர்சி தீவின் கரையில் கிடந்த ஒரு ஓட்டைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். ஐந்து நிமிடத்தில் போன். "உள்ள முத்து ஏதும் இருந்துச்சாடா?" என்றார். "இல்லம்மா, இது சாப்பிடுற சிப்பி" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி, நீ இன்னைக்கு என்ன சாப்பிட்ட?" என்று அவருக்குப் பழகிய பேச்சுக்குத் திரும்பிவிட்டார்.

அந்தக் கேள்வியை இன்றும் நண்பர்கள் கேட்கிறார்கள். சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளி சிப்பிக்குள் போய் முத்தாகும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், வேறு என்ன கேட்போம்? முத்துச்சிப்பி வேறு குடும்பம். பிரிட்டனின் கழிமுகங்களில் வாழும் இந்தச் சிப்பிக்குள் எப்போதாவது ஒரு மணி திரண்டாலும் அதற்கு ஒளி இருக்காது, சுண்ணாம்பு உருண்டை மாதிரி மங்கிக் கிடக்கும். ஆனால் இந்தப் பத்து வருடத்தில் இந்தச் சிப்பியைப் போல என்னைப் பிடித்துவைத்துக்கொண்ட உயிர் வேறு எதுவும் இல்லை. நடந்து பார்த்தது, கேட்டது, படித்தது, தின்றது எல்லாவற்றையும் ஒரு முறை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இங்குள்ளவர்கள் இதை 'நேட்டிவ்' என்று மட்டும் சொல்வார்கள். கடைப் பலகையில் 'நேட்டிவ்' என்று எழுதியிருந்தால் போதும், எதைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அறிவியல் பெயர் ஆஸ்ட்ரியா எடுலிஸ். எடுலிஸ் என்றால் லத்தீனில் உண்ணத்தக்கது. நார்வேயிலிருந்து மொராக்கோ வரைக்கும், மத்தியதரைக் கடலிலும் கருங்கடலிலும் இதன் பூர்வீகம். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகங்களிலும், அலை அடங்கிய விரிகுடாக்களிலும், ஓதம் வற்றினாலும் தண்ணீர் விலகாத ஆழத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும். அதனால்தான் கரையில் நடக்கிறவன் கண்ணில் இது உயிரோடு லேசில் படாது.

கண்ணில் படுவதெல்லாம் இன்னொன்று. பசிபிக் சிப்பி. ஜப்பான் பக்கத்துக் கடலின் இனம். நேட்டிவ் குறைந்துபோய்த் தொழில் படுத்துவிட்டது என்று 1960-களில் அரசாங்கமே வரவழைத்து வளர்த்துக் கொடுத்தது. இங்குள்ள குளிர்ந்த தண்ணீரில் அது தானாக இனம் பெருக்காது என்று அப்போது நம்பினார்கள். பெருக்கிவிட்டது. எஸ்ஸெக்ஸ், கென்ட் கரைகளில் இன்று பாறை, சேறு, படகுத்துறைத் தூண் என்று எதையும் விடாமல் பற்றிக்கொண்டு வளர்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்வது எளிது. பசிபிக் நீண்டது, ஓரம் மடிப்பு மடிப்பாகக் கூர்மையாக இருக்கும், வெறுங்காலோடு மிதித்தால் கிழித்துவிடும். நேட்டிவ் வட்டம், சின்னத் தேநீர்த் தட்டு மாதிரி. கீழ் ஓடு கிண்ணம், மேல் ஓடு தட்டை மூடி. உள்ளே தசை ஒட்டியிருந்த தழும்பு பசிபிக்கில் பெரும்பாலும் ஊதா, நேட்டிவில் வெளுப்பு. கரையில் காலி ஓடு கிடைத்தால் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தத் தழும்பைத்தான்.

முதன்முதலில் ஒரு நேட்டிவைத் திறக்கப் போய் இடது கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன். காய் நறுக்கும் கத்தியை ஓரத்தில் வைத்து அமுக்கினேன், வழுக்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாலிபத்தில் சிப்பிப் படகில் வேலை பார்த்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கட்டுப் போட்ட விரலைப் பார்த்துவிட்டு, மறுநாள் மாலை தன் கத்தியோடு வந்தார். குட்டையான, மழுங்கிய கத்தி. கிண்ணப் பக்கம் கீழே இருக்கும்படி சிப்பியை மடித்த துவாலையில் வைத்தார். இரண்டு ஓடும் சேரும் கீல் மூலையில் கத்தி முனையைக் குத்திவைத்து, "அமுக்காதே, சாவி மாதிரி திருப்பு" என்றார். திருப்பினேன். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பிறகு எல்லாம் சுலபம். மேல் மூடியின் உட்புறத்தை ஒட்டியே கத்தியை நகர்த்தி மூடுதசையை அறுத்தால் மூடி தனியாக வந்துவிடும்.

உள்ளே இருந்ததை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். பால் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு உடம்பு, அதைச் சுற்றி மெல்லிய கொசுவம் கொசுவமாகச் செவுள், ஓரத்தில் கறுத்த ஒரு குஞ்சம். கத்தி முனையால் குஞ்சத்தைத் தொட்டேன். அது உள்ளே சுருங்கியது. உயிர் இருக்கிறது. பச்சையாகத் தின்பதென்றால் உயிரோடுதான் தின்ன வேண்டும், மூடி வாய் பிளந்து கிடந்தால் தூக்கிப் போட வேண்டும் என்று தெரியும். தெரிவதும் அது சுருங்குவதைப் பார்ப்பதும் ஒன்றில்லை. நான் தயங்கியதைப் பெரியவர் பார்த்தார், அவசரப்படுத்தவில்லை. ஒரு வழியாக வாயில் போட்டேன். முதலில் கடல். அப்புறம் கடித்ததும் ஒரு லேசான இனிப்பு. அதற்குப் பிறகு செம்புச் சொம்பில் தண்ணீர் குடித்தால் நாக்கில் நிற்குமே, அந்த உலோகச் சுவை. அது வெகுநேரம் போகவில்லை. பசிபிக் சிப்பியில் அந்தச் செம்பு இருக்காது, வழவழப்பும் உப்பும்தான். நேட்டிவைத் தேடிப் போகிறவர்கள் அந்தச் செம்புக்காகத்தான் போகிறார்கள்.

அன்று இரவு தொல்காப்பியத்தின் ஒரு வரி நினைவுக்கு வந்தது. 'நந்தும் முரளும் ஈரறிவினவே'. மரபியலில், ஓரறிவு உயிரிலிருந்து ஆறறிவு வரை வரிசைப்படுத்தும் இடம். நந்து நத்தை, முரள் சிப்பி வகை. தொடுவதும் சுவைப்பதும் மட்டும் அறிந்தவை. கத்தி பட்டதும் சுருங்கியதே, அது முதல் அறிவு. ஆனால் இந்தச் சிப்பியின் பிள்ளைப் பருவத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போது அதற்குக் கண்ணும் உண்டு, காலும் உண்டு.

அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த உயிருக்கு நடந்த எல்லாமே அதில் இருக்கிறது.

நேட்டிவ் ஆணாகத் தொடங்குகிறது. பிறகு பெண்ணாகிறது. பிறகு மறுபடி ஆண். வாழ்நாள் முழுக்க இப்படி மாறிக்கொண்டே இருக்கும். கோடையில் தண்ணீரின் வெப்பம் 15, 16 டிகிரியைத் தொட்டதும் ஆண் விந்தைத் தண்ணீரில் விடும். பெண் மூச்சுக்கு இழுக்கும் தண்ணீரோடு அதையும் இழுத்துக்கொள்ளும். பசிபிக் சிப்பி முட்டையையும் வெளியே கொட்டிவிடும். நேட்டிவ் அப்படிச் செய்வதில்லை. முட்டைகளைத் தன் ஓட்டுக்குள்ளேயே வைத்து ஒரு வாரம் பத்து நாள் அடைகாக்கும். ஒரு பெரிய தாய்க்குள் 10 லட்சம் குஞ்சுகள்கூட இருக்கும். முதலில் அவை வெள்ளையாக, பால் ஏடு மாதிரி இருக்கும். ஓடு முளைக்க முளைக்கச் சாம்பலாகி, பிறகு கறுக்கும். பழைய சிப்பிக்காரர்கள் இந்த நிலைகளை 'ஒயிட் சிக்', 'பிளாக் சிக்', அதாவது வெள்ளை நோய், கறுப்பு நோய் என்று சொல்வார்கள். நோய் என்று பெயரே தவிர, அது கர்ப்பம்.

ஆங்கிலத்தில் 'ஆர்' எழுத்து வராத மாதங்களில், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை சிப்பி தின்னாதே என்ற பழமொழி இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெயில் காலத்தில் கெட்டுப்போகும் என்ற பயம் ஒரு காரணம். இந்த நேட்டிவைப் பொறுத்தவரை, பிள்ளையோடு இருக்கும் சிப்பி வாயில் நறநறவென்று மணல் மாதிரி இருக்கும் என்பதும் ஒரு காரணம். பிள்ளைத்தாய்ச்சியைத் தொடாதே என்பது எனக்குப் பிடித்த காரணம். 1967-ஆம் ஆண்டுச் சட்டமும் மே 14 முதல் ஆகஸ்ட் 4 வரை நேட்டிவ் விற்பனையைத் தடை செய்கிறது. ஆகஸ்ட் 5 பழைய நாள்காட்டிப்படி புனித ஜேம்ஸ் திருநாள். முன்பெல்லாம் லண்டன் தெருக்களில் பிள்ளைகள் காலி ஓடுகளை அடுக்கிச் சின்னக் குகை மாதிரி கட்டி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துப் போகிறவர் வருகிறவரிடம் காசு கேட்பார்களாம். கென்ட் கரையில் இருக்கும் விட்ஸ்டபிள் ஊரில் அண்மைக் காலத்திலும் கடற்கரையில் கட்டினார்கள். ஒரு வருடம் என் மகளோடு போய்ப் பார்த்தேன். இருட்டியபின் ஓட்டு இடுக்குகள் வழியாக வெளிச்சம் கசிவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள்.

சரி, குஞ்சுக்கு வருகிறேன். தாய் வெளியே விட்டதும் அது மிதந்து திரியும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ. அளவு, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. வளர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் அதற்கு ஒளியை உணரும் ஒரு கறுப்புப் புள்ளிக் கண் வரும். ஒரு சின்னக் காலும் வரும். தரையில் இறங்கி அந்தக் காலால் ஊர்ந்து இடம் பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் மறுபடி நீந்திப் போய்விடும். பிடித்திருந்தால் ஒரு சொட்டுப் பசை விட்டு இடது ஓட்டைத் தரையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு கண்ணும் காலும் கரைந்துவிடும். இனி அவற்றுக்கு வேலை இல்லை. ஒரே ஒரு முறை இடம் தேர்ந்தெடுக்க மட்டும் கொடுக்கப்பட்ட கண், ஒரே ஒரு நடைக்குக் கொடுக்கப்பட்ட கால்!

அது தேடும் இடம் எது? சேற்றில் ஒட்ட முடியாது, மூச்சு முட்டிச் செத்துப்போகும். கெட்டியான, சுத்தமான, சுண்ணாம்புத் தரை வேண்டும். அதிலும் தன் இனத்தின் ஓடு என்றால் அதற்கு அடையாளம் தெரிகிறது, தண்ணீரில் கரைந்து வரும் வாசனையை வைத்தே தேடி வருகிறது. பாட்டியின் ஓட்டில் அம்மா, அம்மாவின் ஓட்டில் பிள்ளை. இப்படி நூற்றாண்டுக் கணக்கில் ஓட்டின் மேல் ஓடாக ஏறித்தான் கடல் அடியில் சிப்பித் திட்டுகள் உண்டாயின. அந்தத் திட்டின் இண்டு இடுக்குகளில் நண்டு, சின்ன மீன், கடற்பஞ்சு, பாசி என்று ஒரு ஊரே குடியிருந்தது. ஒரு சிப்பி நாளைக்கு 200 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டும் என்று மீட்புப் பணி செய்கிறவர்கள் சொல்கிறார்கள். தண்ணீரின் வெப்பத்தையும் சிப்பியின் அளவையும் பொறுத்து அது மாறும். லட்சக்கணக்கில் இருந்தபோது கழிமுகத்துத் தண்ணீர் எவ்வளவு தெளிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இன்று எங்கள் பக்கத்துப் பிளாக்வாட்டர் ஆற்று முகத்தில் கை விட்டால் முழங்கை வரைகூடத் தெரியாது.

ஆக, ஒரு சிப்பியை எடுக்கிறவன் ஒரு உயிரை மட்டும் எடுப்பதில்லை, அடுத்த தலைமுறையின் தரையையும் சேர்த்து எடுக்கிறான். இந்தத் தொழிலின் கருவி டிரெட்ஜ். இரும்புச் சட்டத்தில் வலைப்பை கட்டி, படகின் பின்னால் தரையோடு இழுத்து வாரிக்கொண்டு வருவது. வந்ததில் பெரிய சிப்பியைப் பொறுக்கிக்கொண்டு குஞ்சையும் ஓட்டையும் திருப்பிப் போடுகிறவன் நல்ல சிப்பிக்காரன். பக்கத்து வீட்டுப் பெரியவர் "தரையை விதைக்கணும்" என்று சொல்வார். ஜூன், ஜூலையில் குஞ்சு இறங்கும் சமயம் பார்த்து, காய்ந்த சுத்தமான ஓடுகளைப் படகில் கொண்டுபோய்த் தண்ணீரில் தூவுவார்களாம். அதற்கு 'கல்ச்' என்று பெயர். அவர் அப்பா காலத்தில் அது விவசாயம் மாதிரியே நடந்தது என்றார்.

ஆனால் ஓடு வேறு வழியில் போய்க்கொண்டே இருந்தது. ரோமானியர்கள் பிரிட்டனை ஆண்ட காலத்திலேயே சிப்பி ரோம் வரை போயிருக்கிறது. இங்கே ரோமானியக் குடியிருப்பு எங்கே தோண்டினாலும் சிப்பி ஓடு வரும். நான் இருக்கும் கோல்செஸ்டரே அப்படிப்பட்ட ஊர். கோன் ஆற்றின் சிப்பி உரிமையை முதலாம் ரிச்சர்ட் மன்னர் 1189-இல் இந்த நகரத்துக்கு உறுதி செய்து கொடுத்த சாசனம் இருக்கிறது. இன்றும் செப்டம்பர் தொடக்கத்தில் நகர மேயர் படகேறி பைஃப்ளீட் ஓடைக்குப் போய், பழைய அறிக்கையை வாசித்து, ஜின்னும் இஞ்சி பிரெட்டும் சாப்பிட்டுப் பருவத்தைத் திறந்துவைப்பார். அக்டோபரில் சிப்பி விருந்து நடக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் சிப்பி ஏழை சாப்பாடு. இன்று சொன்னால் நம்ப மாட்டார்கள். டிக்கன்ஸ் தன் முதல் நாவலிலேயே வறுமையும் சிப்பியும் சேர்ந்தே இருக்கும் என்று ஒரு பாத்திரத்தைப் பேசவைக்கிறார். 1864-இல் லண்டன் மட்டும் 70 கோடி சிப்பி தின்றது என்ற கணக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. ரயில் வந்ததுதான் திருப்பம். கான்டர்பரிக்கும் விட்ஸ்டபிளுக்கும் இடையே 1830-இல், கோல்செஸ்டருக்கு 1843-இல். காலையில் வாரியது மாலைக்குள் லண்டன் தட்டில். ஓடுகளோ சாலைக்கும் சுண்ணாம்புக்கும் கோழித்தீவனத்துக்கும் போயின, கடலுக்குத் திரும்பவில்லை. 1883-இல் வெளியான ஒரு மீன்பிடி வரைபடத்தில் வட கடலின் நடுவே கிட்டத்தட்ட 21,000 சதுர கிலோமீட்டருக்குச் சிப்பிப் படுகை என்று குறித்திருக்கிறார்கள். அது இன்று இல்லை. பிரிட்டன் முழுவதையும் பார்த்தால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்ததில் 95 சதவீதம் போய்விட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் சிப்பி வாரும்போது மீனவர்கள் பாட்டுப் பாடுவார்களாம், பாட்டு கேட்டால்தான் சிப்பி வலைக்கு வரும் என்று. 20-ஆம் நூற்றாண்டில் அங்கே வாருவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

வாரியதோடு முடியவில்லை. தெற்குக் கரையில் எம்ஸ்வொர்த் என்று ஒரு சின்ன ஊர், சிப்பியால் பிழைத்தது. 1902 நவம்பரில் வின்செஸ்டரிலும் சவுத்தாம்ப்டனிலும் நடந்த மேயர் விருந்துகளுக்கு அங்கிருந்துதான் சிப்பி போனது. விருந்தாளிகள் பலருக்கு டைஃபாய்டு. சிலர் இறந்துபோனார்கள், வின்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குருவான டீனும் அவர்களில் ஒருவர். ஊராட்சி புதிதாகப் போட்ட கழிவுநீர்க் குழாய் சிப்பிக் குளங்களுக்குப் பக்கத்திலேயே திறந்துவிடப்பட்டிருந்தது. ஜே. டி. ஃபாஸ்டர் என்ற சிப்பி வியாபாரி வழக்குப் போட்டு ஜெயித்தார். ஜெயித்து என்ன செய்ய, ஊரின் தொழில் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. வடிகட்டுகிற உயிர் தன்னைச் சுற்றி இருப்பதைத்தானே உள்ளே சேர்த்துக்கொள்ளும்? நாம் விட்டதை அது வைத்திருந்து நமக்கே திருப்பிக் கொடுத்தது. இப்போது சிப்பி வளரும் தண்ணீரை ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள். பி தரத் தண்ணீரில் எடுத்ததை, புறஊதா ஒளியில் சுத்தம் செய்த தண்ணீர் ஓடும் தொட்டிகளில் வழக்கமாக 42 மணி நேரம் வைத்த பிறகுதான் விற்பனைக்கு அனுப்புவார்கள். இருந்தும், பெருமழை பெய்தால் கழிவுநீர் இன்றும் ஆற்றில் திறந்துவிடப்படுகிறது. இரண்டு வருடம் முன்பு கோடை விடுமுறையில் மகளைத் தண்ணீரில் இறக்கப் போனேன். இறங்க வேண்டாம் என்று கரையில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. ஏன் என்று ஆறு வயதுப் பிள்ளை கேட்கிறது. 120 வருடம் முந்தைய காரணத்தையே நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மற்ற அடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படுகைகள் காலியானதும் அமெரிக்கச் சிப்பியை இறக்குமதி செய்து இட்டார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு ஸ்லிப்பர் லிம்பெட் வந்தது. செருப்பு வடிவத்தில், ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி அடுக்கு அடுக்காக வாழும் நத்தை. இன்று மெர்சி கரையில் ஓட்டுக் குவியலை அள்ளினால் கையில் பாதி அதுதான். சிப்பியின் ஓட்டில் துளை போட்டுத் தின்னும் இன்னொரு நத்தையும் அதே வழியில் வந்தது. 1962–63 குளிர்காலத்தில் கடலே உறைந்து, எஸ்ஸெக்ஸ் படுகைகளில் பெரும்பாலானவை செத்தன. பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்போது பள்ளிச் சிறுவன். அந்த வசந்தத்தில் டிரெட்ஜ் நிறைய வாய் பிளந்த ஓடுகளாக வந்ததைத் தன் அப்பா பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொல்வார். அப்புறம் 1982-இல் போனாமியா. சிப்பியின் இரத்த அணுவுக்குள் புகுந்து வாழும் ஒட்டுண்ணி, மூன்று நான்கு வயதில், சரியாகத் தட்டுக்கு வரும் பருவத்தில், சிப்பியைக் கொன்றுவிடும். மனிதனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நான்கு ஐந்து வருடம் காத்திருந்து வளர்க்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன ஆக வேண்டும்? வேகமாக வளரும் பசிபிக்குக்கு மாறியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இன்று பிரிட்டனில் வளர்த்து விற்கப்படும் சிப்பியில் பெரும்பங்கு பசிபிக்தான்.

இத்தனைக்கும் நடுவே கார்ன்வாலின் ஃபால் கழிமுகத்தில் மட்டும் காட்டு நேட்டிவைப் பழைய முறையிலேயே இன்றும் எடுக்கிறார்கள். மூன்று வருடம் முன்பு அதைப் பார்ப்பதற்கென்றே ஆறு ஏழு மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். அங்கே இயந்திரம் வைத்து வாரக் கூடாது. பாய்மரம், இல்லையென்றால் துடுப்பு. அக்டோபர் முதல் மார்ச் வரை, பகலில் குறித்த நேரம் மட்டும். நவம்பர் காலையில் கரையில் நின்று பார்த்தேன். ஒரு படகு பாயைச் சாய்த்துக் காற்றோடு பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தது. ஒருவர் டிரெட்ஜை இழுத்துப் பலகையில் கொட்டிக் கையால் பிரித்தார். பித்தளை வளையம் ஒன்று வைத்திருந்தார். சந்தேகமான சிப்பியை வளையத்தில் வைப்பார், உள்ளே விழுந்துவிட்டால் சின்னது, தண்ணீருக்கே போய்விடும். காற்று விழுந்ததும் வேலையும் நின்றது. படகு திரும்பிவிட்டது. காற்று இல்லாத நாளில் சிப்பிக்கும் விடுமுறை. அந்த விதி எழுதப்பட்ட காலத்தில் சூழலியல் என்ற வார்த்தையே புழக்கத்தில் இருந்திருக்காது. ஆனால் எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் கருவியே தீர்மானிக்கும்படி வைத்திருக்கிறார்கள். இந்தச் சிப்பியைக் காப்பாற்ற மனிதன் செய்த காரியங்களில் ஆகச் சிறந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எஸ்ஸெக்ஸிலும் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 2013-இல் பிளாக்வாட்டர், குரோச், ரோச், கோன் ஆகிய நான்கு கழிமுகங்களும் சேர்ந்து 284 சதுர கிலோமீட்டர் கடல் பாதுகாப்புப் பகுதியானது. காக்கப்பட வேண்டியவற்றில் நேட்டிவ் முக்கியமானது. சிப்பிக்காரர்களும் ஆய்வாளர்களும் பாதுகாப்பு அமைப்புகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். வேலையின் சாரம் பழைய 'கல்ச்'தான். ஓடும் சரளையும் கடலில் இட்டுத் தரை அமைப்பது, அதன்மேல் தாய்ச்சிப்பிகளைக் கொண்டுவிடுவது, அருகருகே விடுவது. தள்ளித் தள்ளிக் கிடந்தால் பக்கத்தில் ஆள் இல்லாமல் கரு உருவாகாது. ஸ்காட்லாந்தின் டார்நாக் கழிமுகத்தில் சிப்பியே இல்லாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம், கிளென்மொராஞ்சி என்ற விஸ்கி ஆலையோடு சேர்ந்து 2017-இல் 300 சிப்பிகளை விட்டுப் பார்த்தது. பிழைத்தன. அடுத்த வருடம் 20,000. இந்த இடங்களுக்கு நோய் கொண்டுபோய்விடக் கூடாது என்பதால் கடைசி ஓடு வரை பார்த்துப் பார்த்துத்தான் இடுகிறார்கள்.

மெர்சியில் ஒரு சிப்பிக் கொட்டகைக்குப் பின்னால் ஓட்டு மேடு ஒன்று இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல். உணவகங்களிலிருந்து வரும் ஓட்டை உடனே கடலில் போட முடியாது. ஒட்டியிருக்கும் சதை, கிருமி எல்லாம் போக மழையிலும் வெயிலிலும் ஒரு வருடமாவது காய வேண்டும். முதலில் அதன் பக்கம் போனபோது மூக்கைப் பொத்திக்கொண்டேன். அடுத்த கோடையில் போனபோது நாற்றமே இல்லை. மழைக்கு வெளுத்து, ஓரங்கள் மழுங்கி, ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினால் பீங்கான் மாதிரி ஒலித்தது. அதற்குப் பிறகு நாங்கள் வீட்டில் சிப்பி தின்றால் ஓட்டைக் குப்பையில் போடுவதில்லை. கொல்லையில் ஒரு பழைய வாளியில் சேர்த்து, நிறைந்ததும் அந்தக் கொட்டகையில் கேட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொட்டுவோம். வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் தின்கிறோம், அதுவும் யாருடைய படுகை என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். படுகையைப் பார்த்துக்கொள்கிறவனுக்குக் காசு போனால்தான் படுகை இருக்கும் என்பது என் கணக்கு. தின்னாமல் விட்டால்தான் காப்பாற்ற முடியும் என்கிற நண்பர்களோடு இதில் எனக்குச் சண்டை உண்டு.

போன மார்ச்சில் நல்ல வற்றம். பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதம், ஏறும்போது தீவுக்குப் போகும் ஸ்ட்ரூட் சாலையையே மூழ்கடித்துவிடும், வற்றும்போது வழக்கமாகத் தண்ணீரில் கிடக்கும் தரையைக் காட்டிவிடும். பெரியவர் நேரம் பார்த்துச் சொன்னார், மகளோடு போனேன். முழங்கால் வரை ரப்பர் காலணி, ஒவ்வொரு அடிக்கும் சேறு பிடித்து இழுத்தது. நீர் விளிம்பில் ஸ்லிப்பர் லிம்பெட்டும் உடைந்த பசிபிக் ஓடுமாகக் கிடந்ததைக் குனிந்து பிரட்டிக்கொண்டே போனாள். ஒரு பழைய வட்ட ஓட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நான் வழக்கம்போலத் திருப்பித் தழும்பு பார்த்தேன். வெளுப்பு, நேட்டிவ்தான். "அது இல்லப்பா, இங்க பாரு" என்று விரலை வைத்தாள். கிண்ணத்தின் உட்புறத்தில், அவள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, பழுப்பும் ஊதாவும் வரி ஓடிய ஒரு தட்டை வட்டம் ஒட்டியிருந்தது. போன கோடையில் கண்ணும் காலுமாக வந்து இறங்கியது. மூடி இறுக்கமாக மூடியிருந்தது.

பெரியவரிடம் காட்டப் படம் எடுத்துக்கொண்டேன். அவள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தண்ணீரில் இன்னும் நாலு அடி உள்ளே போனாள், காலணிக்குள் தண்ணீர் ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை. குனிந்து, கிண்ணம் சேற்றில் கவிழ்ந்துவிடாமல் ஒரு கல்லுக்கு அணைவாக வைத்தாள். ஓதம் திரும்பிக்கொண்டிருந்தது.